கொடிக்கால் அகத்தி

எங்கள் வீட்டு மரப்பெட்டியின் அடியில், பத்திரங்களுக்கும் ஜாதகங்களுக்கும் கீழே, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டை நைந்து, ஓரங்கள் செல்லரித்து, தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று அஞ்சும்படியான நிலையில் உள்ள அந்த நோட்டில், முப்பத்தொரு வருஷம் கணித ஆசிரியராக உத்தியோகம் பார்த்த என் தகப்பனாருடைய முத்துமுத்தான கையெழுத்தில், 1961ஆம் வருஷம் ஆடி மாதம் தொடங்கி மறு வருஷம் தை மாதம் வரையில் எங்கள் குடும்பம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டவை அனைத்தும் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கின்றன. இடப்பக்கத்தில் பெற்றது, வலப்பக்கத்தில் திருப்பிக் கொடுத்தது. பணக் கணக்கு மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். 'எழும்பூர் ரயிலடியில் பெட்டி தூக்கிய பெரியவர், கூலி வேண்டாமென்றது' என்று ஒரு வரி. 'கோட்டூர் வீட்டுக்காரர் சம்சாரம், தலையணை 1' என்று ஒரு வரி. 'ஆஸ்பத்திரி ஆயா, தலை பின்னிவிட்டது, 4 தடவை' என்று ஒரு வரி. 'சேலத்து அம்மாள், மோர், 19 நாள்' என்று ஒரு வரி.

கடன் என்னும் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் சுபாவம் என் தகப்பனாருக்கு. அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கினாலும், மறுநாள் விடியற்காலையில் அதே கரண்டியில் அதைவிடக் கெட்டியான தயிரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்படி எங்களை விரட்டுவார். சமன்பாட்டின் இரு பக்கமும் சரியாக வந்தால்தான் கணக்கு முடிந்தது என்று வகுப்பில் சொல்வதையே அவர் வாழ்க்கையிலும் அனுஷ்டித்து வந்தார் என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் ஆறே மாதத்தில் நாற்பது பக்கம் கடன்பட்டார். அந்தக் கடன் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர், பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் இடைப்பட்ட காவிரிப் பாசனக் கிராமம். நெல்லும் வாழையும் தஞ்சை ஜில்லாவில் எங்கும் உண்டு. எங்கள் பக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது கொடிக்கால். கும்பகோணம் வெற்றிலை என்று ஊரெல்லாம் கொண்டாடுகிற அந்த இளந்தளிர் வெற்றிலை, ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலை முதலிய ஊர்களின் கொடிக்கால்களில் விளைவது. அகத்தியை வரிசை வரிசையாக விதைத்து, அது ஆளுயரம் வளர்ந்ததும் வெற்றிலைக் கொடியை அதன்மேல் ஏற்றி, வாழைநாரால் கட்டிக் கட்டி மேலே கொண்டு போவார்கள். வெயில் நேரே படாத அந்தப் பசிய நிழலுக்குள் நுழைந்தால், சித்திரை மாதத்து உச்சிப் பொழுதிலும் உடம்பு குளிர்ந்துவிடும். ராஜகிரியில் ஒரு ராவுத்தருடைய கொடிக்காலிலிருந்து வாரம் ஒரு கவுளி வெற்றிலை எங்கள் வீட்டுக்கு வரும். அவரே சைக்கிளில் வந்து, திண்ணையில் ஈரத்துணியைப் பிரித்துக் கவுளியை வைத்துவிட்டு, என் தாயாரை, "தங்கச்சி, இது மேல்கணு வெத்திலை, நாக்குல வச்சாக் கரையும்" என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போவார்.

அம்மாவின் வெற்றிலைப் பெட்டி பித்தளையாலானது. அதில் சீவல் ஓர் அறையிலும், சுண்ணாம்பு ஒரு சிறு டப்பியிலும், வேதாரண்யத்துப் புகையிலை வாழைச்சருகில் சுற்றி மற்றோர் அறையிலும் இருக்கும். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பைத் தடவி, மடித்து வாயிலிட்டுக் கொண்டபின், சுண்டுவிரல் நுனி அளவு புகையிலையைக் கிள்ளி இடது கன்னத்தின் உட்புறத்தில் அடக்கிக் கொள்வாள். இரவில் வேலையெல்லாம் ஓய்ந்து படுக்கும்போதும் அந்தத் துணுக்கு கன்னத்தில் இருக்கும், அதோடுதான் உறங்குவாள். நாளெல்லாம் அடுப்பங்கரையில் வெந்து, ஆறு பேருக்குச் சமைத்துப் போட்டு, மாட்டுக்கும் தண்ணீர் காட்டிவிட்டு வருகிற ஒருத்திக்கு அது ஒன்றுதான் தனக்கென்று இருந்த சுகம். அதைக் குற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவளுடைய தாயாரும் அப்படித்தான் செய்தாள். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த இடது கன்னத்தில்தான் வந்தது. முதலில் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம். பிறகு ஒரு புண். ரசம் எரிகிறது என்று காரத்தைக் குறைத்தாள். பிறகு புளியைக் குறைத்தாள். பிறகு எங்களுக்குத் தெரியாமல் தனக்கு மட்டும் மோர்சாதம் என்று ஆக்கிக்கொண்டாள். வாய்ப்புண்ணுக்கென்று ஒருவர் கொடுத்த மருந்தை மூன்று மாதம் தடவினோம். அந்த மூன்று மாதத்தை நினைக்கும்போது இன்றும் என் மனம் தவிக்கிறது. கடைவாய்ப் பல் ஆட்டம் கண்ட பிறகுதான், கும்பகோணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் காட்டினோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், பல்லைத் தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, என் தகப்பனாரை வாசலுக்கு அழைத்துப் போய், "நாளைக்கே அடையாற்றுக்குப் போங்கள்" என்றார். அடையாறு என்றால் இன்னதென்று அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அடையாற்றுக்குப் போயிருக்கிறார்கள்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

செய்தி ராஜகிரிக்கும் எட்டிவிட்டது. அன்று சாயங்காலம் ராவுத்தர் வந்தார். கையில் கவுளி இல்லை. திண்ணையில் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, மடியிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார். என் தகப்பனாருக்கு அது ஏறக்குறைய நாலு மாதச் சம்பளம். புரோநோட்டு எழுதித் தருவதாகவும், வட்டி இவ்வளவென்று சொல்லவேண்டும் என்றும் அவர் மன்றாடாத குறையாகக் கேட்டார். "வட்டி எங்களுக்கு ஆகாதுங்க" என்றார் ராவுத்தர். நோட்டாவது எழுதிக் கொடுக்கிறேன் என்றதற்கு, "வாத்தியாரய்யா, எம் மவனுக்கு ரெண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அதுக்கு நான் எந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். சைக்கிள் அருகில் நின்று, உள்ளே பாராமலே, "தங்கச்சி, எங் கொடிக்கால் வெத்திலைதானே தின்னே" என்று சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி, "வெத்திலை என்னண்ணே பண்ணிச்சு, போயிட்டு வாங்க" என்றாள். அன்று இரவுதான் அந்த நோட்டில் முதல் வரி எழுதப்பட்டது.

நான் அப்போது கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தகப்பனாருக்குப் பள்ளிக்கூடத்தை விட முடியாது. அக்காள் புகுந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். தம்பி தங்கைகளை அத்தை பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடாயிற்று. ஆகவே அம்மாவுக்குத் துணையாக நானே சென்னைக்குப் புறப்பட்டேன். தினம் ஒரு கார்டு எழுதவேண்டும் என்றும், அதில் அம்மாவின் தேகநிலையை எழுதியபின், அன்றைக்கு யார் யார் என்ன உபகாரம் செய்தார்கள் என்பதையும் எழுதவேண்டும் என்றும் அப்பா எனக்குக் கட்டளையிட்டார். சனிக்கிழமை இரவு ரயிலேறி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்களோடு இருந்துவிட்டு, அன்றிரவே திரும்பித் திங்கட்கிழமை முதல் மணிக்கு வகுப்பில் நிற்பார். ஒன்பது வாரம் அப்படி வந்து போனார்.

பட்டணத்தில் எங்களுக்கு உறவினர் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அம்மா குடிக்கும் டம்ளரை முற்றத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்ததை மூன்றாம் நாள் காலையில் அவள் கண்டுவிட்டாள். இது தொற்றும் வியாதியல்ல என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது வயதும் போதாது, தைரியமும் போதாது. அறியாமையாலும் பயத்தாலும் செய்ததே ஒழிய அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அம்மா எதுவும் சொல்லாமல் அந்த டம்ளரைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கிட்டக்க ஒரு ரூம் பார்த்துடு" என்றாள். கால்வாய்க்கு அப்பால் கோட்டூரில், ஓட்டு வீடு ஒன்றின் பின்கட்டில், ஓர் அறையும் பாதித் தாழ்வாரமும் கிடைத்தன. மற்றப் பாதித் தாழ்வாரத்தில் சேலத்திலிருந்து வந்த ஒரு நெசவாளரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பக்கிங்காம் கால்வாயில் அந்நாளில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கரையோரமாகவே காலையில் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு நடப்போம்.

அந்த மருத்துவமனையைப் பற்றி இங்கே சிறிது சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவனாவேன். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியாகவும் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தம் குடும்பத்துத் துக்கத்தை ஊராருக்கு ஒரு நிழலாக மாற்றவேண்டும் என்று அவர் அன்று கொண்ட எண்ணம் நிறைவேற ஏறக்குறைய முப்பது வருஷம் பிடித்தது. புற்று வந்தவர்கள் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. மாதர் சங்கத்தைக் கொண்டு நிதி திரட்டி, வீடு வீடாகக் கையேந்தி, 1952இல் பிரதமர் நேருவைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டி, 1954ஆம் வருஷம் ஜூன் 18ஆம் தேதி பன்னிரண்டே படுக்கைகளோடு சில குடில்களில் அதை அவர் தொடங்கினார். அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அரசாங்க உத்தியோகத்தை நாடாமல் 1955இல் அங்கே வந்து சேர்ந்து, அந்த வளாகத்தையே தம் வீடாக்கிக்கொண்ட டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதற்கு ஏழு வயது. முத்துலட்சுமி அம்மையார் அப்போது எழுபத்தைந்து வயதில் அடையாற்றிலேயே இருந்தார். அவரைக் கண்ணால் காணும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை. ஆனால் என் தாயார் பிழைத்தெழுந்த இடம் ஒரு தமக்கையின் கண்ணீரால் எழுந்தது என்பதை அறிந்த நாள்முதல், என் தங்கையைக் கடிந்து பேச எனக்கு வாய் வந்ததில்லை.

சிகிச்சைக்கு முன் இடப்பக்கத்துப் பற்களை எடுத்தார்கள். கதிர் பட்டபின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது, ஆகையால் முதலிலேயே எடுத்துவிடுவது என்று விளக்கினார்கள். புண் ஆறப் பத்து நாள் காத்திருந்தோம். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் 'கரண்ட்' வைத்தார்கள். கோபால்ட் என்றோ கதிரியக்கம் என்றோ நோயாளிகள் சொல்வதில்லை, "உனக்கு எத்தனை கரண்ட் ஆச்சு?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வார்கள், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அம்மாவின் கன்னத்தில் ஊதா மையால் ஒரு நீண்ட சதுரம் வரைந்திருந்தார்கள். அது அழியக்கூடாது; அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது; சோப்புக் கூடாது; மஞ்சள் அறவே கூடாது. மற்றவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட என் தாயார், மஞ்சள் பூசக்கூடாது என்றதும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து மஞ்சள் பூசாமல் அவள் குளித்ததில்லை. கால்களுக்கு மட்டும் பூசிக்கொண்டு, முந்தானையைக் கன்னத்தின்மேல் இழுத்து விட்டபடி நடந்து வருவாள்.

கரண்ட் வைக்கும் அறையின் சுவர்கள் இரண்டு முழத்துக்கும் மேற்பட்ட கனமுள்ளவை. அம்மாவை மேஜைமேல் படுக்கவைத்து, தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் பைகளை அண்டக்கொடுத்து, ஊதாச் சதுரத்துக்கு நேரே இயந்திரத்தின் முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். கனத்த கதவு மூடும். மேலே சிவப்பு விளக்கு எரியும். உள்ளே அவள் ஒருத்தி மட்டும் இருப்பாள். முதல் நாள் நான் கதவைப் பார்த்தபடியே நின்று அழுதேன். வெளியே வந்தவள், "ஏண்டா அழறே? ஒண்ணுமே தெரியலே. நான் பாட்டுக்கு ஒரு கோலம் போட்டுண்டிருந்தேன்" என்றாள். மெய்யாகவே அவள் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் கோலம் போட்டிருக்கிறாள். பதினைந்து புள்ளிக் கோலமானால் விளக்கு அணைவதற்குள் இழையெல்லாம் முடிந்துவிடும். இருபத்தொரு புள்ளியென்றால் ஒரு மூலை மிச்சமாகும். ஒவ்வொரு நாளும் ஒரு கோலம் வீதம், எங்கள் வாசலில் போடவேண்டிய முப்பது கோலங்களை அவள் அந்த மேஜைமேல் படுத்தபடி போட்டு முடித்தாள்.

இயந்திரத்தை இயக்கிய இளைஞர் ஒருவர் எனக்கு அதைப் பற்றி விவரித்ததும் நோட்டில் ஒரு வரியாக ஏறியிருக்கிறது: 'கோபால்ட் விஷயம் விளக்கியவர், அரைமணி நேரம்.' அந்தக் கோபால்ட் கானடா தேசத்து அணு உலையில் பக்குவமாகி வந்தது என்றும், நம் தேசத்திலேயே முதன்முதலாக 1957இல் அங்கேதான் அத்தகைய இயந்திரம் வைக்கப்பட்டது என்றும், ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை அதன் சக்தி பாதியாகிவிடும் என்றும் சொன்னார். "வந்த புதிதில் மூன்று நிமிஷம் வைத்த இடத்தில் இப்போது ஐந்து நிமிஷம் வைக்கவேண்டும் தம்பி" என்றார். அன்றிரவு கோட்டூர்த் தாழ்வாரத்தில் ஒரு பழைய காகிதத்தில் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. தன்னை அழித்துக்கொண்டே வேலை செய்கிற ஒரு வஸ்துவைப் பற்றி அன்று எனக்கு உண்டான வியப்பு, பிற்காலத்தில் பௌதிக ஆசிரியனாக முப்பது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியபோதும் குறையவில்லை.

மூன்றாவது வாரம் வாய் முழுவதும் வெந்துவிட்டது. கன்னத்தின் வெளித்தோல் கறுத்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்து, எச்சில் பிசின் போலாகிப் பிறகு அடியோடு வற்றிப் போயிற்று. சோடா உப்புக் கரைத்த நீரால் நாளைக்கு ஆறு தடவை கொப்பளித்தாள். கேழ்வரகுக் கஞ்சி இறங்கவில்லை, இளநீர் எரிந்தது, உப்பு ஒரு கல் பட்டாலும் கண்ணில் நீர் வந்துவிடும். அந்த நாட்களில்தான் தாழ்வாரத்து மறுபாதியிலிருந்து சேலத்து அம்மாள் ஒருநாள் எழுந்து வந்தார்.

அவருடைய கணவருக்குத் தொண்டையில் வியாதி. மிகவும் முற்றிய பிறகு வந்திருந்தார்கள். குரல் போய்விட்டது; ஏதாவது வேண்டுமென்றால் தறியில் நாடா ஓடும் ஓசையைப் போல நாக்கால் இருமுறை ஒலி எழுப்புவார்; மனைவி எழுந்து போவார். அந்த அம்மாள் அவருக்காகத் தினம் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, தயிரைப் புளிக்கவிடாமல் கடைந்து, வெண்ணெய் எடுத்து, மோரை மெல்லிய வெள்ளைத் துணியில் இருமுறை வடிகட்டி வைத்திருப்பார். அதிலிருந்து ஒரு செம்பு மோரை எங்கள் பக்கம் கொண்டுவந்து, "உப்புப் போடலீங்க. ஒரு சொட்டுத் திப்பி இருக்காது. கண்ண மூடிட்டுக் குடிச்சுப் பாருங்க" என்றார். அம்மா குடித்தாள். நாலு நாளாக ஒன்றும் இறங்காத தொண்டையில் அது இறங்கியது. அன்று முதல் நாள்தோறும் காலை பதினோரு மணிக்கு அந்தச் செம்பு வரும். பாலுக்காவது பணம் கொடுக்கிறேன் என்று நான் நீட்டியதை அவர் பார்க்கக்கூட இல்லை.

பதினெட்டாம் நாள் இரவு அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் காலமானார். சேலத்துக்குக் கொண்டுபோக வசதியில்லாமல் சென்னையிலேயே தகனம் செய்தார்கள். ஊரிலிருந்து வந்த மைத்துனர் ஒருவர் கூட நின்றார். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அந்த அம்மாள் எங்கள் அறைக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் அதே செம்பு. "உறை ஊத்துனது இருந்துச்சுங்க. வீணாப் போயிரக் கூடாதுல்ல" என்றார். அம்மா எழுந்து நின்று, இரண்டு கையாலும் அந்தச் செம்பை வாங்கி, வாயெல்லாம் புண்ணாக இருக்க, நிறுத்தாமல் முழுவதையும் குடித்து முடித்தாள். இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. பேசுவதற்கு ஏதாவது இருந்திருக்கும் என்று இவ்வளவு காலம் கழிந்த பின்னும் எனக்குத் தோன்றவில்லை. என் தாயார் பிழைத்துக்கொண்டு வருகிறாள் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொல்லியிருந்த வாரம் அது. அந்தச் சந்தோஷத்தை எந்த முகத்தோடு அந்த அம்மாளுக்கு எதிரே வைத்துக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் நான் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தவிப்பில் விலாசம் கேட்டு வாங்கிக்கொள்ளத் தவறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து விவரம் கேட்டார். அம்மாப்பேட்டை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த அம்மாள் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. அப்பா என்னைக் கோபிக்கவில்லை. நோட்டை எடுத்து, 'மோர், 19 நாள்' என்று எழுதினார். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கோடை விடுமுறையில், யாரிடமும் காரணம் சொல்லாமல் சேலத்துக்குப் போனார். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் கேட்கிற தெருவெல்லாம் இரண்டு நாள் ஏறி இறங்கி, தொண்டை வியாதியால் பட்டணத்தில் இறந்துபோன நெசவாளர் வீடு எது என்று விசாரித்தாராம். அவர் சொன்ன அடையாளத்துக்கு மூன்று வீடுகள் கிடைத்தன. மூன்றும் வேறு வேறு குடும்பங்கள். திரும்பி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அந்த வரிக்கு எதிரே கடைசிவரை அவர் எதுவும் எழுதவில்லை, அடித்துவிடவும் இல்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் ஊருக்குத் திரும்பினோம். புண் சுருங்கி, அது இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்றும், புகையிலையை ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முதல் காரியமாக வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்து, அதில் ஊசி நூலும் பொத்தான்களும் போட்டு வைத்தாள். இருபத்தாறு வருஷம் கழித்து அவள் கண்மூடிய நாளிலும் அதில் பொத்தான்கள்தான் இருந்தன.

உடம்பு தேறிக்கொண்டு வந்தது. நாக்கு மட்டும் தேறவில்லை. எதை வாயிலிட்டாலும் மண்ணைப்போல் இருக்கிறது என்பாள். எச்சில் ஊறாததால் பக்கத்தில் எப்போதும் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் இருக்கவேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் செய்தாள், இனிப்புத் தெரியவில்லை. ருசி பார்க்க முடியாமலே கைக்கணக்கால் உப்பும் புளியும் போட்டு எங்களுக்குச் சமைத்தாள். அதில் ஒருநாளும் அளவு தவறியதில்லை. நாங்கள் சப்புக் கொட்டிச் சாப்பிடுவதைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்த ஏக்கத்தைக் காணப் பொறுக்காமல், அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

ராவுத்தர் வாரம் தவறாமல் வந்தார். கவுளிக்குப் பதிலாக வாழைப்பூ, கொல்லையில் பறித்த எலுமிச்சை, ஒருமுறை ஒரு படி பால் என்று எதையாவது கொண்டுவந்து வைப்பார். என் தகப்பனார் மாதம் இருபது ரூபாயாகக் கடனைக் கட்டத் தொடங்கியிருந்தார். அதை ராவுத்தர் எண்ணிப் பாராமல் மடியில் செருகிக்கொள்வார். "அகத்தி கொழுந்தா இருக்கு, வாய்ப்புண்ணுக்கு நல்லது, ஆனா மருந்து சாப்பிடுறப்பக் கொடுக்கப்படாது, மருந்தை முறிச்சிடும்" என்று தம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லிக் காத்திருந்தார். மார்கழியோடு மாத்திரைகள் முடிந்தன. தை மாதம் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், சைக்கிளின் பின்னால் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்து, "தங்கச்சி, வெத்திலைதான் உனக்கு ஆகலே, அதைத் தாங்கி நிக்கிற மரத்துக் கீரை ஆகும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அன்று நண்பகல் அம்மா அதை உருவி, பொடியாக நறுக்கி, பயற்றம்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வதக்கினாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, கடைசியில் மோர்சாதத்தோடு ஒரு சிறு உருண்டை கீரையைத் தானும் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கண்கள் அகன்றன. ஏதோ வலிக்கிறதென்று பயந்து நான் எழுந்து ஓடினேன். அவள் கையை உயர்த்தி என்னைத் தடுத்து, மறுபடி மெதுவாக, ஒவ்வோர் இலையாக, நாக்கின் நடுவில் வைத்து அழுத்தி மென்றாள்.

"கசக்கறதுடா" என்றாள்.

அப்பா கையிலிருந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டார். அம்மா சிரித்தாள், சிரிப்பிலேயே கண்ணீர் வழிந்து அந்தக் கறுத்த கன்னத்தில் இறங்கியது. "நன்னாக் கசக்கறது. ஓடிப்போய் அண்ணன்கிட்டச் சொல்லிட்டு வா" என்றாள்.

கைகூடச் சரியாகக் கழுவாமல் ராஜகிரிக்கு ஓடினேன். கொடிக்காலின் பசிய இருட்டில் ராவுத்தர் ஏணிமேல் நின்று, வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நான் சொன்னதைக் கேட்டார். நாரை வாயிலிருந்து எடுத்தார். மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஏணியிலிருந்து இறங்கி, அதைத் தூக்கிப்போய் அடுத்த மரத்தில் சாய்த்து, மேலே ஏறி, இன்னொரு கட்டுக்குக் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்.